பிரெக்ஸிட்: வாக்கு யாருக்கு இருந்தது, செலவு யார் தலையில் விழுந்தது? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கோ

லெஸ்டரில் இருந்து

முதலில் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். பிறகு நீங்களும் எழுதுங்கோ.

நானும் என் சித்தியின் மகனும் ஒரே ஊர், ஒரே ஒழுங்கை. 90-களில் சண்டைக்குள்ளால் வெளிக்கிட்ட என்னை ஏஜென்ட் கொண்டுபோய் இறக்கிய நாடு ஹொலண்ட். அங்கே டச்சு படித்து, சோதனை பாஸ் பண்ணி, பாஸ்போட் எடுத்தேன். 2004-ல், பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று, எத்தனையோ டச்சுத் தமிழ்க் குடும்பங்கள் மாதிரி நாங்களும் இங்கிலாந்துக்கு வந்தோம். அம்மாவும் எங்களோடு வந்தா. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நாடு மாறுவது அப்போது வீடு மாறுகிற மாதிரித்தான். சாமானை வான் வண்டியில் ஏற்றினால் சரி.

தம்பி சண்டை முடிந்த பிறகு, 2010-ல் நேரே லண்டனுக்கு வந்தான். இலங்கைக் குடியுரிமை, இங்கே தங்க அனுமதி, அவ்வளவுதான்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதா என்று கேட்ட 2016 ஜூன் 23 வாக்கெடுப்புக்கு அவனுக்கு வாக்காளர் அட்டை வந்தது. எனக்கு வரவில்லை. இலங்கை, இந்தியா மாதிரியான பொதுநலவாய நாட்டுக்காரர் இங்கே சட்டப்படி இருந்தால் வாக்குப் போடலாம். ஐரோப்பிய நாட்டுக்காரரில் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் ஆட்களுக்கு மட்டும்தான் அந்த உரிமை. நான் 12 வருஷம் வரி கட்டியிருந்தேன். உள்ளூராட்சித் தேர்தலில் ஒவ்வொரு முறையும் வாக்குப் போட்டிருக்கிறேன். தெருக் குப்பையை யார் அள்ளுவது என்று என்னைக் கேட்டவர்கள், நான் இந்தத் தெருவில் இருக்கலாமா என்ற விஷயத்தில் என்னைக் கேட்கவில்லை. ஒரே ஒழுங்கைப் பிள்ளைகள் இரண்டு பேரில் யாருக்கு வாக்கு என்பதை ஏஜென்ட் போட்ட பாதைதான் தீர்மானித்தது.

பிறகு 2019-ல் செட்டில்ட் ஸ்டேட்டஸ் வந்தது, அதாவது என்னை மாதிரி ஐரோப்பிய நாட்டுக்காரர் இங்கே தொடர்ந்து இருக்க எடுக்க வேண்டிய நிரந்தர அனுமதி. முதலில் அதற்கு 65 பவுண்ஸ் என்றார்கள். எதிர்ப்பு வந்ததும் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். பாஸ்போட்டின் சிப்பைப் போனால் ஸ்கேன் பண்ண வேண்டும். அந்த நேரம் அந்த ஆப் ஆண்ட்ராய்டில் மட்டும்தான் வேலை செய்தது. எங்கள் வீட்டில் எல்லாரிடமும் ஐபோன். தம்பி ஒரு சனிக்கிழமை லண்டனில் இருந்து தன் போனைக் கொண்டுவந்தான்.

என் வரிப் பதிவைக் கணினியே பார்த்து, தேவையான ஐந்து வருஷம் இங்கே இருந்தது சரி என்றது. அம்மாவுக்குப் பதிவே இல்லை. வீடு, கரண்ட், தண்ணீர், கவுன்சில் வரி எல்லாம் எங்கள் பெயரில். இத்தனை வருஷம் என் பிள்ளைகளைப் பார்த்து வளர்த்த மனுசி இந்த நாட்டில் இருந்ததற்கு ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. நான் அழுதே விட்டேன். அம்மா பேசாமல் எழும்பிப் போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்தா. அவவுக்கு நீரிழிவு. வருஷா வருஷம் கண் பரிசோதனைக்கு வரச்சொல்லும் கடிதங்கள், காலுக்கு, இரத்தத்துக்கு என்று வந்த கடிதங்கள் எல்லாம் கவரோடு, திகதிப்படி, ரப்பர் பேண்ட் போட்டு இருந்தன. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதபடியால் எதையும் எறியப் பயம் என்றா. குடும்ப டொக்டரின் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினோம். கிடைத்தது.

கிடைத்தது என்றால் என்ன, ஒரு ஈமெயில். கார்ட் இல்லை, முத்திரை இல்லை. கூட வந்த கடிதத்திலேயே “இது உங்கள் தகுதிக்கு அத்தாட்சி அல்ல, இணையத்தில்தான் பார்க்க வேண்டும்” என்று போட்டிருந்தது. அம்மா அதை லேமினேட் பண்ணச் சொன்னா. இப்பவும் அது அவவின் கைப்பையில் இருக்கிறது.

லீட்ஸில் இருந்து

அக்கா, நீங்க சொல்ற அந்த ஓட்டு எனக்கு இருந்துச்சு. நான் மதுரைப் பக்கம். 2014-ல வேலை விசாவுல வந்தேன். இத இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. நான் ‘வெளியேறு’ன்னுதான் போட்டேன்.

காரணம் சொல்லிடறேன். 2016 ஏப்ரல்ல ஒரு விதி வந்துச்சு. எங்கள மாதிரி ஆளுங்க நிரந்தரமா தங்கணும்னா வருஷச் சம்பளம் 35,000 பவுண்ட் வேணும். என் சம்பளம் அதுக்கு எட்டாது. மருத்துவத்துக்கு வரியும் கட்டி, அதுக்கு மேல வருஷம் 200 பவுண்ட் கூடுதல் கட்டணமும் கட்டிட்டு இருந்தேன். என் கூட இருந்த பையன் பிரிட்டிஷ் சிட்டிசன், ஊர்ல கல்யாணம் பண்ணிட்டு வந்தான். 18,600 பவுண்ட் சம்பளம் காட்டினாத்தான் பொண்டாட்டிய கூட்டிட்டு வர முடியும். அதே தெருவுல இருந்த ஐரோப்பியருக்கு அந்த வரம்பே கிடையாது. பிறந்த நாட்டுல இவனுக்கு இல்லாத உரிமை வந்தவங்களுக்கு இருக்கேன்னு அவன் புலம்புவான். அவங்க வரிசைய நிறுத்தினா நம்ம வரிசை நகரும்னு பிரச்சாரத்துல சொன்னாங்க. நம்பினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. 51.9 சதவீதம் வெளியேறுன்னு முடிவு வந்தாச்சு. ஆபீஸ் கிச்சன்ல ஸ்பெயின்காரப் பொண்ணு ஒருத்தி, என் டீம்தான், டீ பையக் கப்புக்குள்ள போட்டுட்டு தண்ணி ஊத்தாம நின்னுட்டு இருந்தா. கெட்டில் கொதிச்சு அணைஞ்சுடுச்சு, அவ கவனிக்கல. என்னைப் பாத்து, “உனக்கு ஓட்டு இருந்துச்சுல்ல?”ன்னா. ஆமான்னேன். “போட்டதுக்கு நன்றி”ன்னு கையப் பிடிச்சா. நான் அவ பக்கம் போட்டேன்னு நினைச்சுட்டா. நான் திருத்தல. ஒரு வருஷத்துல அவ ஊருக்கே போயிட்டா.

அன்னிக்கு டாலருக்கு எதிரா பவுண்ட் 1985-க்கு அப்புறம் இல்லாத அளவுக்கு விழுந்துச்சு. அந்த மாசம் வீட்டுக்கு அனுப்பின பணம் ரூபாயில கணிசமா குறைஞ்சு போச்சு. அப்பாவுக்கு ஏன்னு புரியல. எனக்குப் புரிஞ்சுது.

பொய் சொல்ல மாட்டேன், நமக்கு நல்லதும் வந்துச்சு. 2021-ல எல்லாருக்கும் ஒரே விசா முறை ஆச்சு. சம்பள வரம்பு குறைஞ்சுது. என் தம்பி இங்க படிச்சிட்டு, படிப்பு முடிஞ்சதும் ரெண்டு வருஷ விசாவுல தங்கி வேலை தேட முடிஞ்சுது. ஆனா நான் கேட்ட சமத்துவம் வந்த விதம் வேற. மேல இருந்தவங்கள நாங்க நின்ன இடத்துக்கு இறக்கினாங்க. அப்புறம் அந்த இடமே இன்னும் கீழ போச்சு. அந்த 200 பவுண்ட் கட்டணம் 2024-ல 1,035 ஆச்சு. துணைய கூட்டிட்டு வர 18,600-ன்னு இருந்தது 29,000 ஆச்சு.

அக்கா, உங்க அம்மாவோட பிஸ்கட் டின்ன படிச்சப்ப எனக்கு என்ன எழுதறதுன்னு தெரியல. மன்னிச்சுக்கங்க.

குரோய்டனில் இருந்து

நான் கணக்காளர். எனக்கு வாய்த்த அனுபவங்கள் பெரும்பாலும் காசு சம்பந்தப்பட்டவை.

ஒன்றியத்தை விட்டு வெளியேறும்போது பிரிட்டன் கட்ட வேண்டிய தொகை பற்றிய செய்தி 2017 முழுக்க ஓடியது. 35 முதல் 39 பில்லியன் பவுண்ட் வரை என்று அரசின் மதிப்பீடு வந்த வாரம், என் வாடிக்கையாளர் ஒருவர் கொதித்துப்போய் வந்தார். “வெளியே போறவன் எதுக்கு சார் காசு கட்டணும்? கிளப்பை விட்டுப் போனா சந்தாவை நிறுத்திடுவோம், அவ்வளவுதானே?” என்றார்.

இது சந்தா இல்லை, சீட்டு என்றேன். எல்லோரும் சேர்ந்து ஒத்துக்கொண்ட சீட்டு, உங்கள் தவணையை நம்பி மற்றவர்கள் ஏலம் எடுத்துவிட்டார்கள். 2014 முதல் 2020 வரைக்குமான ஒன்றிய வரவுசெலவுத் திட்டத்துக்குப் பிரிட்டனும் சேர்ந்துதான் சம்மதித்தது. அந்த நம்பிக்கையில் எங்கோ பாலம் பாதி கட்டி நிற்கிறது. ஒன்றியத்தில் வேலை பார்த்தவர்களின் ஓய்வூதியம் இருக்கிறது, அதில் பிரிட்டிஷ்காரர்களும் உண்டு. தலை முழுகிவிட்டால் இதெல்லாம் தீர்ந்துவிடாது. அந்தத் தொகை நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய முதலீட்டு வங்கியில் பிரிட்டன் போட்டிருந்த 3.5 பில்லியன் யூரோ மூலதனம் 12 தவணையில் திரும்பி வருகிறது. ஆனால் அந்த வங்கி பல ஆண்டுகளாகச் சேர்த்த லாபத்தில் பங்கு இல்லை. கூட்டாளி விலகும்போது சேர்ந்த லாபத்தில் பங்கு கேட்பது முறைதானே? அந்த இடத்தில் பிரிட்டனுக்குக் குறைந்துதான் போனது.

அதே வாடிக்கையாளருக்கு உண்மையான அடி 2021 ஜனவரியில் விழுந்தது. இந்தியாவில் இருந்து புடவையும் பித்தளைச் சாமானும் லண்டனுக்கு இறக்குமதி செய்து, பாரிஸிலும் ஜெர்மனியிலும் உள்ள கடைகளுக்கு அனுப்புவார். ஒன்றியத்துடனான புதிய வர்த்தக ஒப்பந்தத்தில் தீர்வை இல்லை என்று டிவியில் சொன்னார்களே என்று நிம்மதியாக இருந்தார். தீர்வை இல்லை என்பது பிரிட்டனில் உருவான பொருளுக்கு. இந்தியாவில் நெய்த புடவை லண்டன் கிடங்கில் ஒரு மாதம் கிடந்ததால் பிரிட்டிஷ் புடவை ஆகிவிடாது. இங்கே ஒரு முறை தீர்வை, அங்கே இறங்கும்போது இன்னொரு முறை. ஒவ்வொரு சரக்குக்கும் சுங்க அறிவிப்பு, அதை எழுதித் தரும் ஏஜென்ட்டுக்குக் கூலி. இருபது வருடக் கடை. மார்ச் மாதம் என் மேசையில் சாவிக்கொத்தை வைத்துவிட்டு, “ஐரோப்பிய கணக்கை மூடிடுங்க சார்” என்றார். அவரும் வெளியேறு என்று வாக்களித்தவர்தான். அதற்காக அவர் பட்ட நஷ்டத்தை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வெளியேறு பிரச்சாரக்காரர்கள் பேருந்தின் பக்கவாட்டில், ஒன்றியத்துக்கு வாரம் 350 மில்லியன் பவுண்ட் அனுப்புகிறோம் என்று எழுதி ஓட்டினார்கள். அந்தக் கணக்கு தவறான எண்ணத்தைத் தருகிறது என்று நாட்டின் புள்ளிவிவர ஆணையமே சொன்ன பிறகும் அழிக்கவில்லை. பொருள் எந்த நாட்டில் உருவானது என்று பார்க்கும் விதியைப் பற்றி எந்தப் பேருந்திலும் எழுதவில்லை.

பாரிஸில் இருந்து

சுருக்கமா எழுதுறன். 2022-ல லண்டனில மாமா காலமாயிட்டார். என்ர மகனிட்ட பிரெஞ்சு அடையாள அட்டை மட்டும்தான் கையில, பாஸ்போட் முடிஞ்சுபோய்க் கிடந்தது. சின்னனில இருந்து அந்த அட்டையைக் காட்டித்தான் லண்டன் போய் வந்தவன். 2021 ஒக்டோபரோட அது செல்லாது எண்டது எங்களுக்குத் தெரியாது. இங்க ரயில் நிலையத்திலயே இங்கிலாந்து எல்லைச் சோதனை. அவனைத் திருப்பிவிட்டினம். நான் தனியப் போனன். மாமாவுக்குப் பிள்ளையள் இல்லை, கொள்ளி வைக்கிறதுக்கு இவனைத்தான் கேட்டிருந்தவர். வீடியோவில பாத்துக்கொண்டு நிண்டான்.

மறுபடி லெஸ்டரில் இருந்து

எல்லாருக்கும் நன்றி. பாரிஸ் அக்கா, உங்கள் மகனை நினைக்க மனம் கனக்கிறது.

லீட்ஸ் தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். உங்களுக்கு நியாயமான கோபம் ஒன்று இருந்தது. அந்த 35,000 விதியைப் போட்டது ஸ்பெயின்காரப் பிள்ளை இல்லை, பிரஸல்ஸில் இருக்கிற ஒன்றியமும் இல்லை, லண்டனில் இருக்கிற அரசுதான். அதை உங்களுக்குச் சொல்லாமல் விட்டவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

2014-ல் ஸ்கொட்லாந்து பிரிவதா என்று கேட்டபோது அங்கே வசித்த ஐரோப்பியருக்கும் வாக்கு இருந்தது, 16 வயதுப் பிள்ளைகளுக்கும் இருந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அதே நாட்டில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். அப்போது என் மூத்தவளுக்கு 17. எங்கள் வீட்டில் நாலு பேரில் ஒருவருக்கும் வாக்கு இல்லை. எங்களைக் கேட்டிருந்தாலும் முடிவு மாறியிருக்குமோ தெரியாது, தோற்றிருக்கலாம். கேட்டுத் தோற்றிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

என் தம்பியிடம் எதற்கு வாக்குப் போட்டாய் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை முழுக்க, அம்மாவைக் கண்ணாடியைக் கழற்றவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் இருத்தி, முகம் சரியாகப் பதியும்வரை திரும்பத் திரும்பப் படம் எடுத்தது அவன்தான். போகும்போது போனை விட்டுவிட்டுப் போனான், ஏதாவது மெசேஜ் வந்தால் தேவைப்படும் என்று.