2009 சான்ட்ரோவை விக்கணும், வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே. அப்பா ஓட்டின 2009 சான்ட்ரோ ஜிங், பெட்ரோல், ஒரே ஓனர், 62,000 கி.மீ. 15 வருஷம் முடிஞ்சதும் ஆர்டிஓ-ல காட்டி, பசுமை வரி கட்டி, 2029 வரைக்கும் ஆர்சி புதுப்பிச்சாச்சு. சர்வீஸ் பில் ஒண்ணு விடாம அப்பா ஃபைல் போட்டு வெச்சிருக்கார். டேஷ்போர்டு பிள்ளையார்கூட முதல் நாள் ஒட்டினவர்தான்.

ரெண்டு மாசமா விளம்பரம் போட்டிருக்கேன். வண்டியைப் பார்க்காமலே "லாஸ்ட் எவ்ளோ சார்?"னு கேக்கற போன்தான் நிறைய. போன ஞாயிறு ஒருத்தர் மெக்கானிக்கோட வந்தார். மெக்கானிக் கதவு கதவா விரலால தட்டினார், ரப்பர் பீடிங்கை உரிச்சு வெல்டிங் புள்ளி பார்த்தார், ஆயில் குச்சியை உருவி மோந்தும் பார்த்தார். "வண்டி சுத்தம்"னுட்டார். வாங்க வந்தவரோ, "இருந்தாலும் பழசுதானே"ன்னு 60,000-ல நின்னார். போன வருஷம் நாலு டயரும் பேட்டரியும் மாத்தினதுக்கே 18,000 ஆச்சுங்க!

புரோக்கர் ஒருத்தர் 75,000 தர்றாராம். ஆனா ஆர்சி-ல பேர் மாத்தறதுக்கான ஃபார்ம் 29, 30-ல வாங்கறவர் பேர் எழுதாம வெறும் கையெழுத்து கேக்கறார். பேர் மாறாத வண்டி எங்கயாவது இடிச்சா, ஆர்சி-ல இருக்கற அப்பாதானே கோர்ட்டுக்கு அலையணும்?

நான் 1,10,000 எதிர்பார்க்கறது அதிகமா? கோவைப் பக்கம் நேரடியா வித்தவங்க சொல்லுங்க: பணத்தை எப்படி வாங்கினீங்க? பேர் மாறறதுக்கு முன்னாடியே சாவி கொடுத்தீங்களா? வண்டியை நல்லா வெச்சுக்கற ஆளா இருந்தா அஞ்சாயிரம் குறைச்சுக்கவும் அப்பா ரெடி.