“வீட்டிலேயே ஜெபம் பண்ணினால் போதாதா?” – 11 வயது மகனுக்குப் பூசையைப் புரியவைப்பது எப்படி?

தங்கச்சிமடத்து அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். புதுநன்மை, அதாவது பூசையில் முதல்முறையாக நற்கருணை அப்பம், வாங்கின புதிதில் நான் எழுப்புவதற்கு முன்பே எழுந்து தலைசீவி நிற்பான். இப்போது ஞாயிற்றுக்கிழமை எழுப்பினால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறான். வெறும் அடம் என்றால் அதட்டிக் கூட்டிப் போய்விடுவேன். ஆனால் அவன் கேள்வி கேட்கிறான், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

முதல் கேள்வி: “உள்ளறைக்குப் போய் கதவைச் சாத்திக்கிட்டு ஜெபம் பண்ணுன்னு இயேசுவே சொல்லியிருக்காரு, மறைக்கல்வியில படிச்சோம். அப்புறம் எதுக்கும்மா கோயிலுக்கு?”

இரண்டாவது: “வாராவாரம் அதேதானே நடக்குது? எழும்புறோம், உட்கார்றோம், முழங்கால் போடுறோம். எனக்கு எல்லாம் மனப்பாடம்.”

மூன்றாவதுதான் என்னை வாயடைக்க வைத்தது: “அப்பா மட்டும் வர்றதே இல்லையே?”

என் வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். சனிக்கிழமை காலையில் போனால் ஞாயிறு காலையில்தான் கரைக்கு வருவார்கள். மீனை இறக்கி, தரம் பிரித்து, எடை போட்டு, கணக்கு முடித்து வீடு வந்து சேரும்போது பூசை முடிந்திருக்கும். அவருக்குப் பக்தி இல்லாமல் இல்லை. கழுத்தில் ஜெபமாலை இல்லாமல் படகில் கால் வைக்கமாட்டார். ஆனால் இதையெல்லாம் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

“போகாவிட்டால் பாவம்” என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். அதை மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. இந்த வயதுப் பிள்ளைக்கு எந்த இடத்திலிருந்து சொல்ல ஆரம்பிக்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ராமேஸ்வரம் தாத்தா:

அம்மா, கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை பூசையை நிறுத்தி வைக்காதீர்கள். கூட்டிப் போய்க்கொண்டே பதில் சொல்லுங்கள். சிறுவயதில் வாயில் ஏறின ஜெபம்தான் என் மனைவி இறந்த அன்று எனக்குத் துணைக்கு வந்தது. அன்று புதிதாக ஒரு வார்த்தை யோசிக்க என்னால் முடியவில்லை. இவ்வளவுதான் சொல்ல விரும்புகிறேன்.

பாம்பன் மறைக்கல்வி டீச்சர்:

தங்கச்சி, ஐயா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். கூடவே ஒன்று. 10 வயதிலிருந்து 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் நான் மறைக்கல்வி எடுக்கிறேன். உங்கள் மகன் கேட்ட மூன்றையும் என் வகுப்பிலும் கேட்டிருக்கிறார்கள். கேள்வி வந்தால் கவலைப்படாதீர்கள். இயேசு 12 வயதில் எருசலேம் ஆலயத்தில் காணாமல் போய், பெற்றோர் தேடிக் கண்டுபிடித்தபோது என்ன செய்துகொண்டிருந்தார்? போதகர்கள் நடுவே உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டும் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்தார் என்கிறது லூக்கா நற்செய்தி. இதை முதலில் அவனிடம் சொல்லுங்கள். தன் வயதுப் பையன் என்றதும் நிமிர்ந்து உட்காருவான்.

முதல் கேள்விக்கு “வீட்டில் ஜெபித்தால் சாமி கேட்காது” என்று சொல்லிவிடாதீர்கள். அது உண்மை இல்லை, நாளைக்கே அவன் கண்டுபிடித்துவிடுவான். வீட்டில் ஜெபித்தாலும் கேட்பார், கடலில் ஜெபித்தாலும் கேட்பார். கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்ன அதே இயேசு ஓய்வுநாள்தோறும் வழக்கமாக யூதர்களின் தொழுகைக்கூடம் போனார், அதுவும் லூக்காவில் இருக்கிறது. கடைசி இராவுணவில் அப்பத்தைப் பிட்டு “இதை என் நினைவாகச் செய்யுங்கள்” என்று சொன்னது சீடர்கள் எல்லாரையும் சேர்த்து உட்காரவைத்து. அதைத் தனியாக ஓர் அறையில் செய்ய முடியாது. என் பிள்ளைகளிடம் நான் சொல்வது: தனி ஜெபத்தில் நீ உன் தகப்பனிடம் பேசுகிறாய், பூசையில் அவருடைய குடும்பம் முழுவதும் ஒன்றாக வந்து நிற்கிறது. இரண்டும் வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு எம்மாவு கதையை எடுத்துக்கொள்ளுங்கள். என் வகுப்பில் எனக்கு அதிகம் கைகொடுப்பது இதுதான். எருசலேமிலிருந்து எம்மாவு ஏறத்தாழ 11 கிலோமீட்டர், நம் பாம்பனிலிருந்து ராமேஸ்வரம் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சீடர்கள் மனம் உடைந்து நடந்து போகிறார்கள். உயிர்த்த ஆண்டவர் கூடவே நடந்து வேதத்தை விளக்குகிறார். அவர் யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் பந்தியில் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்ததும் கண் திறக்கிறது. உடனே எழுந்து, இருட்டிவிட்டது என்றும் பாராமல், மற்றவர்களிடம் சொல்ல ஓடுகிறார்கள். பூசையும் இந்த வரிசையில்தான் போகிறது. கூடி வருகிறோம், வாசகமும் மறையுரையும் கேட்கிறோம், அப்பம் பிட்கப்படுகிறது, “சென்று வாருங்கள்” என்று அனுப்பப்படுகிறோம். எழும்புவதும் உட்காருவதும் ஏன் என்று அப்புறம் அவனே சொல்வான். நற்செய்தி வாசிக்கும்போது எழுந்து நிற்பது அங்கே பேசுகிறவர் கிறிஸ்து என்பதால். முழங்கால் போடுவது அவரே பீடத்துக்கு வருகிறார் என்பதால். “அதேதான் நடக்குது” என்பதும் முழுக்கச் சரியில்லை. ஞாயிறு வாசகங்கள் மூன்று வருடச் சுற்றில் மாறி மாறி வருகின்றன. சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டதும் மறுநாள் நற்செய்தியை அவனையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கோயிலில் அது வரும்போது காது தானாக நிமிரும்.

அப்புறம், காணிக்கை நேரம். பெரும்பாலான பிள்ளைகள் இந்த நேரத்தில்தான் தூங்கிவழிவார்கள், பெரியவர்கள் சில்லறை தேடுவார்கள். எனக்கோ பூசையில் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை. பீடம் நன்றாகத் தெரிகிற இடத்தில் அவனை உட்காரவைத்து, சாமியாரின் கையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இரசக் கிண்ணத்தில் திராட்சை இரசத்தை ஊற்றிவிட்டு, அதில் துளி தண்ணீர் சேர்ப்பார். விழுந்த துளியைத் திரும்பப் பிரித்தெடுக்க யாராலும் முடியாது. “அந்தத் துளி நாமதான்” என்று சொன்னால் போதும், இந்த வயதுப் பிள்ளை பிடித்துக்கொள்ளும். அப்பத்தைக் கையில் ஏந்திச் சொல்கிற ஜெபத்தில் மனித உழைப்பு என்று ஒரு வார்த்தை வருகிறது. நம் ஊரில் அது என்ன? ராத்திரி முழுக்க வலை இழுத்த கை, கருவாடு காயவைக்கிற கை, மீன்பாடே இல்லாமல் டீசல் கடனோடு திரும்பி வந்த வாரம். எல்லாம் அந்தத் தட்டில் வைக்கப்படுகிறது என்று சொல்லுங்கள். “இன்னிக்கு அப்பாவோட ஒரு வார வேலையை நீ மனசுல அங்க கொண்டுபோய் வை” என்று ஒரு பொறுப்பு கொடுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

மீதிப் பதில் பழைய வரலாற்றில் இருக்கிறது. கி.பி. 155 வாக்கில் உரோமையில் புனித யுஸ்தின், கிறிஸ்தவர்கள் ஞாயிறு கூடி என்ன செய்கிறார்கள் என்று பேரரசருக்கு எழுதி வைத்தார். வாசகம், விளக்கவுரை, எழுந்து நின்று மன்றாட்டு, அப்பமும் இரசமும், எல்லாரும் சொல்லும் ஆமென். இன்றைய பூசைதான். அவர் இன்னும் இரண்டு விஷயம் சொல்கிறார். வர முடியாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சேர்ந்த காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் போனது. சிறை என்று வாசிக்கும்போது என் வகுப்பு அமைதியாகிவிடும். கடலில் பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறையில் இருந்து வந்தவர் நம் தெருக்களில் எத்தனை பேர்! வர முடியாதவரை விட்டுவிட்டு நடத்துகிற வழிபாடு ஆதியிலிருந்தே இல்லை என்பதை உங்கள் மகனுக்குக் காட்டுங்கள். அவன் அப்பாவும் அந்தக் கணக்கில் உண்டு.

பூசையில் பிள்ளைக்கு வேலை கொடுப்பது என் சொந்த யோசனை இல்லை. 1973-ல் உரோமையிலிருந்து வந்த சிறுவர் திருப்பலி (பூசை) வழிகாட்டி ஏடே சொல்கிறது: பிள்ளைகள் பாடட்டும், வாசிக்கட்டும், மன்றாட்டுச் சொல்லட்டும், காணிக்கைப் பொருளைப் பீடத்துக்குக் கொண்டுபோகட்டும். விசுவாசிகள் மன்றாட்டில் ஒன்றை அவனே எழுதட்டும். புத்தகத்தில் இருப்பதைப் பார்த்து எழுத வேண்டாம், இந்த வாரம் நம் தெருவில் யாருக்கு என்ன கஷ்டமோ அது.

ஒரே ஒரு வேண்டுகோள். பூசை முடிந்து வாசலில் நின்று “சாமியார் என்ன பிரசங்கம் வச்சாரு, சொல்லு” என்று பரீட்சை வைக்காதீர்கள். “யாருக்காக வேண்டிக்கிட்ட?” என்று கேளுங்கள்.

மூக்கையூர், தொழிலுக்குப் போகிறவன்:

டீச்சர் சொன்னதைப் படித்து மனசு நிறைந்துவிட்டது. தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரர் நிலைதான் எனக்கும். யோவான் நற்செய்தி கடைசி அதிகாரத்தை அவரையே மகனுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க ஒன்றும் படாமல் விடியற்காலையில் கரைக்கு வருகிறவர்களுக்கு, உயிர்த்த ஆண்டவர் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருக்கிறார். எங்களை மாதிரி ஆட்களுக்காகக் கரையில் காத்திருந்தவர் அவர். இதை நீங்கள் சொல்வதைவிட அப்பன் வாயால் கேட்டால் பிள்ளை மனதில் நிற்கும்.

சாயங்காலப் பூசை கிடைக்கிற இடமாகப் பார்த்து, மாதத்தில் ஒன்றிரண்டு முறையாவது குடும்பமாகப் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் எந்தச் சாக்கும் இல்லை. அந்த ஞாயிறுகளில் நான் பிள்ளைகளோடுதான் நிற்பேன்.

இன்னொன்று. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு ஒரு வருடம் என் மூத்த மகளைக் கூட்டிப் போனேன். இலங்கைப் பக்கத்து ஆட்கள் யார் என்றே அவளுக்குத் தெரியாது. சாமியார் “ஆண்டவர் உங்களோடு இருப்பாராக” என்றதும், இரண்டு கரை ஜனமும் ஒரே குரலில் “உம் ஆன்மாவோடும் இருப்பாராக” என்றது. என்னைத் திரும்பிப் பார்த்து, “இவங்களுக்கும் தெரியுமாப்பா?” என்றாள். வாராவாரம் ஒரே மாதிரி சொல்வதால்தான் அன்று முன்பின் தெரியாதவர்களோடு அவளால் சேர்ந்து சொல்ல முடிந்தது.

ராமநாதபுரம் சி.எஸ்.ஐ. அம்மா:

நான் வேறு சபை, ஆனால் வீட்டில் இதே கேள்விதான். எங்கள் சபையில் திடப்படுத்தல் என்கிற சடங்கு முடிந்த பிறகுதான் திருவிருந்து, நீங்கள் நற்கருணை என்பது. அதனால் என் 12 வயது மகள், “பெரியவங்க எல்லாம் முன்னாடி போறீங்க, நான் பெஞ்சுல உட்கார்ந்து எதைப் பார்க்கிறது?” என்றாள். ஐயரிடம், அதாவது எங்கள் போதகரிடம், போய்ப் பேசினோம். பிள்ளைகளும் முன்னால் வந்து முழங்கால்படியிடட்டும், தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிறேன் என்றார். அதிலிருந்து அந்த நேரத்தில் அவள் முகமே வேறு. உங்கள் பிள்ளை நற்கருணை வாங்குகிறவன், அதை வாங்கிவந்து உட்கார்ந்ததும் என்ன பேசுவது என்று யாராவது அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா? நீங்கள் உங்கள் வழக்கப்படி சொல்லிக் கொடுங்கள்.

பிரசங்க நேரத்துக்கு அவளிடம் ஒரு பென்சிலும் சின்ன நோட்டும் கொடுப்போம். பிடித்த ஒரு வரி, புரியாத ஒரு வரி. புரியாததை ஆராதனை முடிந்து அவளே ஐயரிடம் கேட்பாள். அவரும் நின்று பதில் சொல்கிறார்.

தங்கச்சிமடத்து அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எம்மாவு கதையை நேற்றே சொன்னேன், “அப்போ பாம்பன்ல இருந்து நடந்தே வந்தாங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். வீட்டுக்காரர் யோவானைத் தானே வாசிப்பதாகச் சொல்லிவிட்டார். மகன் ஒரு மன்றாட்டும் எழுதிவிட்டான், பக்கத்து வீட்டு அண்ணனின் படகு பிடிபட்டிருக்கிறது, அவருக்காக. ஆனால் மைக்கில் வாசிக்க மாட்டேன் என்கிறான். வற்புறுத்தலாமா டீச்சர்?

பாம்பன் மறைக்கல்வி டீச்சர்:

வேண்டவே வேண்டாம் தங்கச்சி. வேறு யாராவது வாசிக்கட்டும், எழுதினவன் பெயரைச் சொல்லவும் வேண்டாம். எல்லாரும் “ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று பதில் சொல்லும்போது, அது தன் வரி என்று அவனுக்குத் தெரியுமே, அது போதும். அந்த அண்ணன் வீட்டில் மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், அவர்களுக்குச் சம்மதமா என்று. தாளை வெள்ளிக்கிழமைக்குள் வழிபாட்டுக் குழுவில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் கொடுத்தால் சேர்க்க மாட்டார்கள், பிள்ளை ஏமாந்துபோவான். மன்றாட்டு இரண்டு வரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூச்சம் தெளிந்ததும் பீடச் சிறுவர் குழுவில் சேர்த்துவிட முடியுமா என்று உங்கள் பங்குச்சாமியாரைக் கேளுங்கள். தண்ணீர்க் குப்பியை எடுத்துக் கொடுக்கிற வேலை அங்கே அவனுக்குக் கிடைக்கும்.