குற்றாலம் போல்டர்

குழு: நம்ம வீடு

சின்னண்ணன்: ஃப்ளெக்ஸ் கடைக்காரர் மறுபடியும் கூப்பிட்டார். இன்று ராத்திரிக்குள் படம் போனால்தான் புதன் சாயங்காலம் கையில் தருவாராம். அப்பா படம் எங்கே அண்ணா?

அத்தை: அண்ணன் திதிக்கு வியாழன் காலையில் பாபநாசம் கிளம்பணும். அதற்கு முன்னாடி வாசலில் கட்டிவிட வேண்டாமா

பெரியண்ணன்: அனுப்புகிறேன்டா. கம்ப்யூட்டரில் இடமே இல்லை, சி டிரைவ் முழுக்கச் சிவப்பு. எதைத் திறந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அப்பா போல்டர் 60 ஜிபி. வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்தாயிற்று. இங்கே இருப்பதை அழித்தால்தான் மூச்சு விடும். ஆனால் அழிய மாட்டேன் என்கிறது.

சின்னண்ணன்: கம்ப்யூட்டர் தென்காசியிலேயே இருந்திருந்தால் இந்நேரம் படம் கடைக்குப் போயிருக்கும்.

மதினி: தம்பி, அந்தப் பேச்சு இப்போது வேண்டாமே.

நான்: என்ன சொல்லி மறுக்கிறது அண்ணா? அப்படியே போடு.

பெரியண்ணன்: போல்டரோ உள்ளே இருக்கும் ஃபைலோ வேறு ப்ரோகிராமில் திறந்திருக்கிறதாம். நான் ஒன்றையும் திறக்கவில்லை.

சித்தப்பா: நீ திறக்கவில்லை, சரி. விண்டோஸ் திறந்திருக்கும். ஒரு ஃபைலை ஏதாவது ஒரு ப்ரோகிராம் பிடித்துக்கொண்டிருந்தால், அது கையை விடும்வரை விண்டோஸ் அழிக்க விடாது. குடியிருப்பவர் உள்ளே இருக்கும்போது வீட்டை இடிக்க முடியுமா, அந்த மாதிரி. உள்ளே வீடியோ இருந்தால், சின்னப் படம் காட்டுவதற்காக ஃபைல் எக்ஸ்ப்ளோரரே அதைப் பிடித்துக்கொள்வது உண்டு. வலது பக்கம் ப்ரிவியூ திறந்திருந்தாலும் அப்படித்தான். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்து. டாஸ்க் மேனேஜர் வரும். அதில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் என்று இருப்பதை வலது கிளிக் செய்து ரீஸ்டார்ட் கொடு. கீழே இருக்கும் பட்டை ஒரு நொடி மறைந்து திரும்ப வரும், பயப்படாதே. அதற்கும் கேட்காவிட்டால் ரிசோர்ஸ் மானிட்டரைத் திற. சிபியு பக்கத்தில் ஹேண்டில் தேடும் கட்டம் இருக்கிறது. போல்டர் பெயரைப் போட்டால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று பெயரோடு காட்டும்.

அத்தை: எனக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் வெயிட்டிங்கிலேயே நிற்கிறது

அண்ணன் மகன்: சித்தப்பா தாத்தா, எங்கள் காலேஜ் லினக்ஸில் திறந்திருந்தாலும் அழிந்துவிடும்.

சித்தப்பா: பெயர்தான் போகும் ராஜா. பிடித்திருக்கும் ப்ரோகிராம் மூடும்வரை இடம் திரும்பக் கிடைக்காது. உன் அப்பாவுக்கு இப்போது வேண்டியது இடம்.

சின்னண்ணன்: அத்தை, தத்காலில் பார்க்கிறேன்.

அண்ணன் மகன்: இதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறதாம், எந்தப் போல்டரையும் உடைத்து அழிக்குமாம். லிங்க் போடட்டுமா?

சித்தப்பா: வேண்டவே வேண்டாம். இலவசமாக அழித்துத் தருகிறேன் என்று வருவது கூடவே நாலு விளம்பரப் பூச்சியையும் கொண்டு வரும். தேவைப்பட்டால் மைக்ரோசாஃப்டே தரும் பவர்டாய்ஸில், ஃபைலை யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும் ஃபைல் லாக்ஸ்மித் இருக்கிறது. அது போதும்.

பெரியண்ணன்: எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்தேன். இப்போது ஷிஃப்ட் டெலிட் கொடுத்திருக்கிறேன். ஓடுகிறது.

சித்தப்பா: ஷிஃப்ட் ஏனப்பா? அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாதே.

பெரியண்ணன்: பின்னில் போட்டால் இடம் எப்படி வரும்?

சித்தப்பா: அதுவும் சரிதான். காப்பி முழுசாக இருக்கிறதா பார்த்துவிட்டுச் செய்திருக்கலாம்.

அண்ணன் மகன்: சி, ஓ, என் சேர்த்துக் கான் என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்துப் போல்டரே உருவாக்க முடியாது, ஏன் என்று மைக்ரோசாஃப்டுக்கே தெரியாது என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. உண்மையா?

சித்தப்பா: உருவாக்க முடியாது என்பது உண்மை. தெரியாது என்பது பொய். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் திரை, விசைப்பலகைக்கு வைத்த பெயர் அது. பிரிண்டருக்கு பிஆர்என், ஒன்றுமில்லாததற்கு என்யுஎல். பழைய ப்ரோகிராம்கள் உடையக் கூடாதென்று அந்தப் பெயர்களை இன்னும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். யாராவது குறுக்கு வழியில் அப்படி ஒரு போல்டரை உண்டாக்கிவிட்டால் அதையும் சாதாரணமாக அழிக்க முடியாது.

அம்மா: இலை எத்தனை சொல்லணும். சமையல்காரர் கேட்கிறார்

சின்னண்ணன்: 60.

அத்தை: 80. கடையநல்லூர்க்காரர்கள் வந்தால்?

சின்னண்ணன்: கல்யாணத்துக்கே அவர்கள் வரவில்லையே அத்தை.

அத்தை: அது வேற விஷயம். அண்ணன் திதிக்கு வருவார்கள்

பெரியண்ணன்: எல்லாம் போயிற்று. ஒரே ஒரு போல்டர் மட்டும் நிற்கிறது. இப்போது வேறு மெசேஜ். பெயர் நீளமாக இருக்கிறதாம்.

நான்: என்ன பெயர்?

பெரியண்ணன்: அப்பா வைத்தது. "1998 ஆனி மாதம் சாரல் நேரத்தில் குடும்பத்தோடு குற்றாலம் ஐந்தருவி போனபோது தம்பி எடுத்த படங்கள்"

நான்: அப்பா!

மதினி: மாமா டைரி எழுதுகிற மாதிரியேதான் பெயர் வைப்பார்.

சித்தப்பா: அந்தத் தம்பி நான்தான். என் யாஷிகா கேமராவில் எடுத்தது. பிற்பாடு அண்ணன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தார்.

சித்தப்பா: விஷயம் இதுதான். விண்டோஸில் ஒரு ஃபைலின் முழு விலாசம், அதாவது சி டிரைவில் தொடங்கி ஒவ்வொரு போல்டராக இறங்கி ஃபைல் பெயர் வரை, 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும். விண்டோஸ் 10-இல் 2016-ஆம் வருஷம் அதைத் தளர்த்த ஒரு செட்டிங் வந்தது. ஆனால் எக்ஸ்ப்ளோரர் இன்னும் பழைய கணக்கில்தான் நிற்கிறது. தமிழில் எழுதினால் சீக்கிரம் நிரம்பிவிடும். குற்றாலம் நமக்கு ஐந்து எழுத்து. கம்ப்யூட்டருக்கு ஒன்பது. கு என்பது க ஒன்று, உகரக் குறி ஒன்று. புள்ளி தனி. கால் தனி. அண்ணன் வைத்த இந்த ஒரு பெயரே 92 வருகிறது, இரண்டு தடவை எண்ணினேன். உள்ளே ஒவ்வொரு படத்துக்கும் இதே மாதிரி ஒரு வாக்கியம் வைத்திருப்பார்.

பெரியண்ணன்: அப்படியானால் முதலில் எப்படி உள்ளே வந்தது?

சித்தப்பா: நீ மேலே இருக்கும் போல்டருக்குப் பிறகு பெயர் மாற்றினாயா?

பெரியண்ணன்: ஆமாம். டெஸ்க்டாப்புக்கு இழுத்து வைத்து "அப்பா கம்ப்யூட்டரில் இருந்தவை முழுவதும் பத்திரம் யாரும் தொடாதீர்கள்" என்று மாற்றினேன்.

சித்தப்பா: அங்கேதான். மேலே பெயர் மாற்றும்போதும், அதே டிரைவுக்குள் இழுக்கும்போதும் உள்ளே இருப்பதன் நீளத்தை அது பார்ப்பதில்லை. அழிக்கும்போதும் காப்பி எடுக்கும்போதும்தான் முட்டும்.

நான்: சித்தப்பா, காப்பி எடுக்கும்போதும் முட்டும் என்றால், அந்தப் போல்டர் ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறதா?

நான்: அண்ணா, இப்போது ஒன்றையும் தொடாதே. முதலில் பார்.

மதினி: நான் டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். அந்தப் போல்டர் இருக்கிறது. உள்ளே ஒரு படமும் இல்லை. காலி.

சின்னண்ணன்: என்ன?

பெரியண்ணன்: காப்பி எடுத்தது இவன்தான்.

அண்ணன் மகன்: நடுவில் பெயர் நீளம் என்று கேட்டது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஸ்கிப் கொடுத்தேன். ஒன்றிரண்டுதான் என்று நினைத்தேன் அத்தை. ஸாரி.

சின்னண்ணன்: அப்பா 25 வருஷம் சேர்த்து வைத்ததை ஒரு ஸ்கிப்பில்

மதினி: பையனைத் திட்டாதீர்கள் தம்பி. படம் இன்னும் போகவில்லையே, நிற்கிறதே.

சித்தப்பா: அவனை விடு. இப்படிச் செய். அண்ணன் வைத்த பெயரில் கை வைக்காதே. மேலே நீ வைத்த பெயரை வெறும் "அ" என்று மாற்று. அதற்கும் கேட்காவிட்டால் அந்த "அ"வை டெஸ்க்டாப்பிலிருந்து நேரே சி டிரைவுக்கு இழுத்து விடு. விலாசம் குட்டையாகிவிடும், படமும் திறக்கும்.

பெரியண்ணன்: மாற்றிவிட்டேன். 38 படம். எல்லாம் திறக்கிறது.

அம்மா: போடுப்பா பார்க்கிறேன்

பெரியண்ணன்: 📷 புகைப்படம்
"ஐந்தருவியில் தலையில் துண்டு கட்டி நிற்பது நான், இடுப்பில் இருப்பது பாப்பா"

நான்: அது நான்.

அத்தை: அந்தப் பச்சைத் துண்டு. எங்க அம்மா வாங்கித் தந்தது

அம்மா: அன்னைக்குப் பூராவும் சாரல். இவரு காலை நல்லா ஊன்றி நின்னாரு, பாப்பா வழுக்கிடக் கூடாதுன்னு

சித்தப்பா: வலது ஓரத்தில் மங்கலாகத் தெரிவது என் விரல். லென்ஸில் சாரல் விழாமல் மறைத்துக்கொண்டு எடுத்தேன்.

நான்: சித்தப்பா, இந்த 38 சரி. ஸ்கிப் ஆன வேறு படங்கள் இருந்து, அண்ணா ஷிஃப்ட் டெலிட்டில் போயிருந்தால்?

சித்தப்பா: அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். டிஸ்க்கில் காலியாக நிற்கும் போல்டர்களை வரிசையாகக் குறித்து அனுப்பு. அதுவரை அந்தக் கம்ப்யூட்டரில் புதிதாக எதையும் போட வேண்டாம். எஸ்எஸ்டியில், அதாவது சிப்பில் சேமிக்கும் டிஸ்க்கில், ஷிஃப்ட் டெலிட் கொடுத்ததைத் திரும்ப எடுப்பது கஷ்டம்.

அம்மா: இவர் பீரோவில் மஞ்சள் துணியில் ஒரு கறுப்பு டப்பா சுற்றி வைத்திருக்காரு. வயர் தொங்குது. அது என்னது

சின்னண்ணன்: அப்பாவின் பழைய டிஸ்க்கா அம்மா? நான் தேடித் தேடிப் பார்த்தேனே. பெரியவன் கொண்டுபோய்விட்டான் என்றல்லவா நினைத்தேன்.

பெரியண்ணன்: நான் எடுக்கவே இல்லைடா. அன்றைக்கும் சொன்னேன்.

சின்னண்ணன்: சரி. பிறகு கூப்பிடுகிறேன்.

சித்தப்பா: யாரும் அதை எதிலும் சொருக வேண்டாம். நான் புதன்கிழமை வருகிறேன். முதலில் பார்க்க மட்டும் செய்வோம்.

சின்னண்ணன்: கடைக்காரர் இந்தத் துண்டுப் படம் வேண்டாம் என்கிறார். சிரித்த மாதிரி, நேராகப் பார்க்கிற படம் கேட்கிறார்.

அத்தை: துண்டுப் படம்தான். அண்ணன் அப்படித்தான் இருப்பார்

அம்மா: எனக்கும் இதுதான்

மதினி: திதிக்கு வைக்கும் படத்தில் பாப்பாவும் இருந்தால் சரியாக இருக்குமா? பாப்பாவை எடுத்துவிட்டு அடிக்கச் சொல்லலாமா?

நான்: என்னை எடுக்கலாம். ஆனால் கையை எடுக்காதீர்கள்.

சின்னண்ணன்: 9 மணிக்குக் கடை மூடிவிடும். சீக்கிரம் சொல்லுங்கள்.

அம்மா: இலை 70 சொல்லட்டுமா