சிமேக் வார்னிங்கை மியூட் பண்ணது தப்பா?

கட்டெறும்பு: எங்க லைப்ரரியை சிமேக்ல (புரோகிராமை பில்ட் பண்ண செட்டப் பண்ற டூல்) பில்ட் பண்றோம், அதோட ஃபைல்ல மினிமம் ரெக்வயர்டு, அதாவது குறைஞ்சது வேண்டிய சிமேக் வெர்ஷன், 2.8.12ன்னு இருக்கு. சிமேக் 3.27ல இருந்து கான்ஃபிகர் பண்ணும்போதெல்லாம் டெப்ரிகேட்டட், அதாவது இவ்ளோ பழைய வெர்ஷனுக்கு சப்போர்ட் போகப்போகுதுன்னு கத்துது. ஒருத்தர் அதை 3.10க்கு ஏத்தி புல் ரிக்வெஸ்ட் (இந்த மாத்தத்தை சேர்த்துக்கோங்கன்னு கேக்கறது) போட்டார், நான் அதை மூடிட்டு சிஐ (தானா பில்ட் பண்ணி டெஸ்ட் பண்ற) ஸ்கிரிப்ட்ல வார்னிங்கையே ஆஃப் பண்ணிட்டேன். பழைய சிமேக் இருக்கற சர்வர்ல பில்ட் பண்றவங்க இன்னும் இருக்காங்க, ரெண்டு வரி மெசேஜுக்காக அவங்களை ஏன் கழட்டி விடணும்?

கோடை இடி: சிஐல ஆஃப் பண்ணா உங்க காதுல மட்டும்தான் விழாது, குளோன் பண்றவனுக்கு கத்திக்கிட்டேதான் இருக்கும். 2025 மார்ச்ல வந்த 4.0ல அது வார்னிங்கே இல்ல, எரர். 3.5க்கு கீழ இருந்தா கான்ஃபிகரே நின்னுடும்.

கட்டெறும்பு: பாலிசி (எந்த வெர்ஷன் மாதிரி நடந்துக்கணும்ங்கற செட்டிங்) வெர்ஷன் மினிமம் 3.5ன்னு கமாண்ட் லைன்ல குடுத்தா ஓடுதே!

கோடை இடி: ஓடும். யாரு குடுக்கணும், டவுன்லோட் பண்ற ஒவ்வொருத்தருமா?

மூட்டைதூக்கி: நான் பேக்கேஜிங் பண்றவன், பட்ட கதை ஒண்ணு சொல்றேன். ஒரு லைப்ரரில டிஎல்எஸ் (நெட்வொர்க் என்கிரிப்ஷன்) ஆப்ஷனோட பேரை மாத்திட்டாங்க, நான் பழைய பேரையே குடுத்துட்டு இருந்தேன். நீ குடுத்த வேரியபிளை ப்ராஜெக்ட் யூஸ் பண்ணலன்னு சிமேக் சொல்லத்தான் செஞ்சுது, ஆனா தினமும் ஒரே டெப்ரிகேட்டட் குப்பையா பாத்து பாத்து வார்னிங் படிக்கிற பழக்கமே போயிடுச்சு, டிஎல்எஸ் இல்லாத பைனரி வெளிய போனப்புறம்தான் முழிச்சேன். அதுக்காக ரிலீஸ்ல வெர்ரர் (வார்னிங்கை எரரா ஆக்கற ஃபிளாக்) போட்டுடாதீங்க சாமி, புது ஜிசிசி கம்பைலர் புது வார்னிங்கோட வந்த அன்னிக்கே எங்க பில்ட் படுத்துடும்.

கோடை இடி: மினிமத்தை ஏத்தவே வேணாம். 2.8.12 போட்டு மூணு புள்ளி வச்சு 3.10ன்னு ரேஞ்சா எழுதுங்க. 3.12க்கு முந்தின சிமேக் புள்ளிக்கு அப்புறம் இருக்கறதை கண்டுக்காது, புதுசு 3.10 பாலிசியை எடுத்துக்கும். 4.0லயும் ஓடும்.

கட்டெறும்பு: அப்போ நேரா 3.27ன்னே போட்டுடலாமே?

கோடை இடி: போட்டா மெஷின்ல பைத்தான் எங்க இருக்குன்னு தேடற பழைய பைத்தான் இன்டெர்ப் ஃபைண்ட் மாட்யூல் காணாம போயிடும், உங்க டெஸ்ட் ஃபோல்டர்ல அதைத்தான் கூப்பிடறீங்க.

கட்டெறும்பு: ஓ. சரி, 3.10 வச்சு பழைய மெஷின்லயும் ஓட்டி பாத்துட்டு சொல்றேன். மியூட் பண்ண வரி இப்போதைக்கு இருக்கட்டும்.

மூட்டைதூக்கி: அதை எடுக்காம, வார்னிங் போயிடுச்சான்னு எப்படி பாப்பீங்க?