சிஎம்வி ரெட்டினைட்டிஸ் (சிஎம்வி வைரஸால் வரும் விழித்திரை அழற்சி): மாத்திரை நின்றுவிட்டது, ஊசி மட்டும் போதுமா?

அண்ணனுக்கு எச்.ஐ.வி., வயது 38, தேனிப் பக்கம். சிடி4 (நோய் எதிர்ப்பு வெள்ளணு) எண்ணிக்கை வெறும் 40. போன மாதம் இடது கண்ணில் கொசு பறப்பது போலக் கரும்புள்ளிகள், அப்புறம் ஓரப் பார்வை மங்கல். வலியோ சிவப்போ இல்லாததால் மருந்துக்கடைச் சொட்டு மருந்திலேயே நாள் ஓடிவிட்டது. மதுரையில் சொட்டு விட்டு விழித்திரையைப் பார்த்து சிஎம்வி என்றார்கள்.

சிஎம்வியை அடக்கும் வால்கான்சிக்ளோவிர் மாத்திரை 900 மி.கி. காலை, இரவு, சாப்பாட்டோடு கொடுத்தோம். இரண்டாவது வாரமே மாத்திரையின் பக்கவிளைவாக நியூட்ரோஃபில் (கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணு) 450க்கு இறங்க, நிறுத்திவிட்டார்கள். அந்த அணுக்களைக் கூட்டும் ஜி-சிஎஸ்எஃப் ஊசிக்கும் ஏறவில்லை, ஏ.ஆர்.டி.யில் (எச்.ஐ.வி. மருந்துகளில்) அணுக்களைக் குறைக்கக்கூடிய சிடோவுடினும் கிடையாது. மாற்று மருந்தான ஃபாஸ்கார்னெட் விசாரித்த இடத்திலெல்லாம் இல்லை.

இப்போது கண்ணுக்குள் கான்சிக்ளோவிர் ஊசி மட்டும். அது அந்தக் கண்ணோடு சரி, வலது கண்ணைக் காக்காது.

சிடி4 100ஐத் தாண்டும்வரை ஊசியை மட்டும் வைத்துச் சமாளித்தவர்கள் இருக்கிறீர்களா, மற்ற கண் தப்பித்ததா?