இசைக்குழு கண்டக்டர் மீது புகார் வந்தபோது பின்வரிசையில் இருந்து பார்த்தது

மேற்கத்திய இசைக்குழுவை நடத்தும் கண்டக்டர் லிடியா டாரின் கதையான 'டார்' (2022) படம் பார்த்தவர்கள் பெரும்பாலும் லிடியாவாக வரும் கேட் பிளான்செட்டின் நடிப்பைத்தான் பேசுகிறார்கள். என்னை உலுக்கியது குழுவுக்குப் புதிய செல்லோக் கலைஞரைத் தேர்வு செய்யும் ஆடிஷன் காட்சி. வாசிப்பது யாரென்று தெரியக்கூடாது என்றுதான் திரை கட்டுகிறார்கள். லிடியா டார் திரைக்கு அடியில் தெரியும் பூட்ஸை வைத்து ஆளைக் கண்டுகொண்டு, போட்ட மதிப்பெண்ணைத் திருத்துகிறார். பிறகு அதே ஆளை மனதில் வைத்து, எல்கர் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளரின் செல்லோ கான்செர்ட்டோவை எடுத்துக்கொண்டு, குழுவின் முதன்மை செல்லோக் கலைஞருக்குப் போகவேண்டிய சோலோவுக்கு (தனி வாசிப்புக்கு) தனியாக ஆடிஷன் வைக்கிறார். குழுவுக்குப் புரிகிறது. யாரும் எதிர்த்து நிற்பதில்லை.

பதின்பருவத்தில் நான் ஓர் இளையோர் இசைக்குழுவில் வயலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்) வாசித்தேன். யாருக்கு எந்த நாற்காலி, யாருக்கு சோலோ, டூருக்கு யார், பரிந்துரைக் கடிதம் யாருக்கு என்று எல்லாமே கண்டக்டர் ஒருவர் கையில்தான். அருமையான ஆசிரியர் அவர். மெலடிக்கு அடியில் ஓடும் குரல்களைக் கேட்க எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். அதனால்தான் வயலின் பிரிவுப் பெண் ஒருத்தி அவர் மீது போலீஸில் புகார் கொடுத்தபோது பலரால் நம்ப முடியவில்லை.

இடைவேளையில் பேச்செல்லாம் அந்தப் பெண்ணைப் பற்றித்தான். "முதல் டெஸ்க் போயிடுச்சுன்னு கோபம், அதான்" என்றார்கள். டெஸ்க் என்றால் இருவர் சேர்ந்து உட்கார்ந்து வாசிக்கும் இடம்; முன்னால் இருப்பதுதான் மதிப்பு. ஆனால் அவளை ஏன் திடீரென்று கடைசி டெஸ்க்குக்கு அனுப்பினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த வாரம் எங்கள் எல்லோரையும்விட நன்றாக வாசித்தது அவள்தான். விசாரிக்க வந்தவர்களிடம் இதைத்தான் சொன்னேன், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அப்புறம் நண்பர்கள் சிலர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள்.

பிரிட்டனில் தேசிய இளையோர் பாடகர் குழுவை நடத்திய மைக்கேல் புரூவருக்கு 2013இல் 6 ஆண்டு சிறை கிடைத்தது. மான்செஸ்டரில் ஓர் இசைப்பள்ளியின் இசை இயக்குநராக இருந்த காலத்தில், சுமார் 30 ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மாணவிக்கு இழைத்த பாலியல் குற்றங்களுக்காக. சாட்சி சொன்ன அந்தப் பெண்ணை நீதிமன்றத்தில் பொய்க்காரி என்றார்கள். தீர்ப்பைக் கேட்க அவர் உயிரோடு இல்லை, தற்கொலை செய்துகொண்டார். இதைப் படித்த அன்று எங்கள் இடைவேளைப் பேச்சுதான் காதில் விழுந்தது.

'டார்' நல்ல படம். லிடியாவின் தலைக்குள்ளேயே இருப்பது என்று தீர்மானித்து எடுத்தது, அதனால் லிடியாவால் பாதிக்கப்பட்ட இளம் கண்டக்டர் கிறிஸ்டாவின் முகம்கூட நமக்குச் சரியாகத் தெரிவதில்லை. சரி, அது அந்தப் படத்தின் வழி. ஆனால் இளையோர் குழுவை வைத்து அடுத்து யாராவது படம் எடுத்தால், கேமராவைக் கடைசி டெஸ்க்கில் வைக்கட்டும். பேட்டன் (கண்டக்டரின் கோல்) பிடித்தவரின் வீழ்ச்சியைப் போதுமான அளவு பார்த்தாயிற்று.

பிள்ளைகளை இப்படிப்பட்ட குழுக்களில் சேர்ப்பவர்கள் இரண்டு விஷயம் கேளுங்கள்: நாற்காலியை முடிவு செய்வது ஒருவரா, பலரா? தனி வகுப்பில் இன்னொரு பெரியவர் இருப்பாரா? கேட்டதற்கே முகம் சுளிக்கும் குழு என்றால் வேறு குழு பாருங்கள்.