8 வயதில் பல்லுக்குக் கம்பி: அவசியமா, அவசரமா?

தேவகோட்டை அம்மா:
என் மகனுக்கு 8 வயது. மேல்வரிசையில் முன்பற்கள் முளைத்துவிட்டன. நடுவே ஓர் அரிசி நுழையும் அளவுக்குச் சந்து தெரிகிறது. இப்போது பிளேட், 12 வயதுக்குமேல் கம்பி என இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும் என்கிறார் மருத்துவர். "பல் விழுந்து முளைக்கிற பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம்?" என்று அவன் அப்பத்தா தடுக்கிறார்கள்.

பள்ளத்தூர்க்காரர்:
நான் அப்பத்தா கட்சி. ஈறுக்குள் இருக்கும் கோரைப்பற்கள் பக்கத்துப் பற்களின் வேரை நெருக்குவதால் இந்த வயதில் முன்பற்கள் விசிறிபோல் விரிவது இயல்பு. 11, 12 வயதில் அவை வெளிவந்ததும் சிறிய சந்து பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். எத்துப்பல்லிலும்கூட, இரண்டு கட்டமாகச் செய்தவர்களுக்கும் பதின்வயதில் மட்டும் செய்தவர்களுக்கும் பல்வரிசையில் முடிவு ஏறத்தாழ ஒன்றுதான் என்கிறது காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு. என் மகளுக்கு 9 வயதில் பிளேட் போட்டோம். கல்யாணப் பந்தியில் அதைக் கழற்றி இலையோரம் வைத்தாள். இலையோடு அதுவும் போயிற்று. நானும் மைத்துனரும் எச்சில் இலைக் கூடையைக் கிளறியதைப் பார்த்துச் சம்பந்தி வீட்டார் என்ன நினைத்தார்களோ!

கானாடுகாத்தான் ஆச்சி:
பிளேட் குப்பைக்குப் போனதற்கு வைத்தியம் என்ன செய்யும், தம்பி? சிறுவயதிலேயே செய்தால் முன்பல் அடிபடுவது குறைகிறது என்றும் அதே தொகுப்புச் சொல்கிறது, அதை விட்டுவிட்டீர்கள். எத்துப்பல் பிள்ளை முகப்புப் படியில் விழுந்தால் முதலில் உடைவது அந்தப் பல்தான். என் பேரனுக்குச் சிக்கல் வேறு: வலப்பக்கம் மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே கடித்ததால், வாயை மூடும்போது தாடை ஒதுங்கியது. அண்ணத்தின் நடுப்பொருத்து (இருபக்க எலும்பும் நடுவில் சேரும் இடம்) சிறுவயதில் இறுகியிருக்காது என்பதால், திருகு வைத்த விரிப்பானால் அகலப்படுத்தினார்கள். சாவி போட்டுத் திருகியது மருமகள். தவறாமல் நாள்காட்டியில் குறித்தது நான். வளர்ந்து முடிந்தபின் இதற்கே அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். 7 வயதுக்குள் ஒரு முறை காட்டிவிடுங்கள் என்று அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் சங்கம் சொல்வது சும்மா இல்லை.

பள்ளத்தூர்க்காரர்:
காட்டுவது வேறு, மாட்டுவது வேறு, ஆச்சி. தாடை ஒதுங்கினால் காத்திருக்கக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்த அம்மா சொன்னது சந்து ஒன்றைத்தானே?

தேவகோட்டை அம்மா:
இதைப் படித்ததும் அவனை வளவு வெளிச்சத்தில் உட்காரவைத்து, கன்னத்தை விலக்கிக் கடிக்கச் சொன்னேன். இடப்பக்கம் இரண்டு மேல்பற்கள் உள்ளே போகின்றன. மோவாயும் சற்று அந்தப் பக்கம் நகர்கிறது. பிளேட் இதற்கா, சந்துக்கா என்று மருத்துவரிடம் நான் கேட்கவே இல்லை. சனிக்கிழமை அப்பத்தாவையும் அழைத்துக்கொண்டு மறுபடி போகிறோம்.